துபாயிலிருந்து ஹத்தா: எந்த வழி, எந்த மாசம், எங்க ஏமாறுவோம்

கடலோரக்காரன்
டிசம்பரில் ஒரு சனிக்கிழமை துபாயோட மலை ஊர் ஹத்தாவுக்குப் போய்ட்டு அன்னைக்கே திரும்பணும். பெரியவங்க நாலு பேர், ஒருத்தருக்கு வயசு 68, முழங்கால் வலி உண்டு. கூட ஆறு வயசுப் பையன். வண்டி சாதாரண செடான். ரெண்டு பேர் விசிட் விசாவில் இருக்காங்க, அதுவும் ஒரு தடவை நுழையற விசா. மேப் ஈ-44 நெடுஞ்சாலை வழியா ஒண்ணேகால் மணி நேரம்னு காட்டுது. அப்படியே போகலாமா? அணையில் படகு, கோட்டை, முடிஞ்சா கொஞ்சம் மலை நடை, இதெல்லாம் ஒரே நாளில் அடங்குமா?

வழித்துணை
ஈ-44 வழியா மட்டும் போகாதீங்க. துபாயிலிருந்து மதாம் ரவுண்டானா வரைக்கும் அந்தச் சாலை நல்லாத்தான் இருக்கும். அதைத் தாண்டினதும் ஒரு துண்டு ஓமான் நிலம் குறுக்கே வருது. ஒரு காலத்தில் எல்லாரும் சர்வசாதாரணமா அதன் வழியா போய் வந்துட்டு இருந்தாங்க. பல வருஷமா அங்க சோதனைச் சாவடி இருக்கு. வளைகுடா நாட்டுக் குடிமக்களை மட்டும்தான் விடுவாங்க. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க எமிரேட்ஸ் ஐடியைக் காட்டினாலும் திருப்பித்தான் அனுப்புவாங்க. மேப் சில நேரம் இன்னும் அந்த வழியையே காட்டும், ஏன்னா தூரம் குறைவு.

சரியான வழி இது. ஈ-611 பிடிச்சு ஷார்ஜா பக்கம் போய், அங்கிருந்து ஈ-102. மலைஹா, கல்பானு பலகை இருக்கும் சாலை அதுதான். மலைஹாவைத் தாண்டி மலைக்குள்ள நுழைஞ்சதும் ஹுவைலாத், முனைஈ, ஹத்தா பலகை பார்த்துத் தெற்கே இறங்கணும். முனைஈ, மஸ்ஃபூத், அப்புறம் ஹத்தா. மொத்தம் சுமார் 130, 140 கிலோமீட்டர். நீங்க எங்கிருந்து கிளம்பறீங்கங்கிறதைப் பொறுத்து ஒண்ணரை முதல் ஒண்ணேமுக்கால் மணி நேரம்.

தவறிப் போய் ஈ-44 பிடிச்சு மதாம் வந்துட்டாலும் பதற வேண்டாம். அங்கேயே இடது பக்கம் ஈ-55இல் திரும்பி வடக்கே மலைஹா வந்தா ஈ-102 கிடைச்சிடும். போக வேண்டிய வழியை மேப்பில் நீங்களே குத்தி வைங்க: முதல் நிறுத்தம் ஹுவைலாத், ரெண்டாவது ஹத்தா. அப்போ அது வேற வழியில் இழுக்காது.

இன்னொண்ணு. இந்த ஒரே பயணத்தில் துபாய், ஷார்ஜா, ராஸ் அல் கைமா, அஜ்மான், மறுபடி துபாய்னு எல்லை மாறிட்டே இருக்கும். வேக வரம்பும் கூடவே மாறும். ஈ-102இல் போன வேகத்தை முனைஈ ஊருக்குள்ள வச்சிருக்காதீங்க. அங்க வேகத்தடையும் இருக்கு, ஆடும் குறுக்கே வரும்.

பழையகணக்கு
இவ்வளவு துண்டு துண்டா எல்லை எப்படி வந்ததுன்னு பலர் கேக்கறாங்க. ஹத்தாவின் பழைய பெயர் ஹஜரைன். 19ஆம் நூற்றாண்டில் அது மஸ்கட் சுல்தான் துர்க்கி பின் சயீதின் ஆளுகையில் இருந்தது. பக்கத்து மஸ்ஃபூத்தில் புரைமி நுஐம் குலத்தார் குடியேறி நெருக்கினாங்க. அவங்ககிட்டருந்து காப்பாத்த முடியாம சுல்தான் இந்த ஊரைத் துபாய் ஷேக்கிடம் ஒப்படைச்சார். மஸ்ஃபூத் பின்னாடி அஜ்மான் கைக்குப் போச்சு. அதனாலதான் துபாய் ஊருக்குப் போக மூணு எமிரேட்டுக்குள்ள நுழைஞ்சு வர வேண்டியிருக்கு. யார் யாருக்குக் கட்டுப்பட்டாங்கங்கிறதுதான் இங்க எல்லையை முடிவு பண்ணியிருக்கு.

வேலமரம்
வழித்துணை சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, விசிட் விசாக்காரங்க இருக்கிறதால முக்கியம். பழைய வீடியோக்களிலும் பதிவுகளிலும் "ஹத்தா பூல்ஸ்"னு பாறை இடுக்கில் பச்சைத் தண்ணி காட்டுவாங்க. அது ஹத்தா அணை இல்ல. அந்தப் பாறைக் குளங்கள் ஓமான் நிலத்துக்குள்ள இருக்கு. முன்னாடி ஹத்தாவிலிருந்து முத்திரை எதுவும் இல்லாமலே போய்ட்டு வந்தாங்க, இப்போ அது கிடையாது. இன்னைக்கு நீங்க படகு ஓட்டப் போறது ஹத்தா அணை நீர்த்தேக்கம். மேப்பில் பேரை முழுசா அடிச்சுத் தேடுங்க.

ஊரைத் தாண்டி நேரா போய்ட்டே இருந்தா அல் வஜாஜா எல்லைச் சாவடி வந்துடும். மஸ்கட் போற பஸ்ஸும் கார்களும் கடக்கிற சாவடி அது. அங்க அமீரக வெளியேற்ற முத்திரை விழுந்துட்டா ஒற்றை நுழைவு விசா அத்தோட முடிஞ்சது, திரும்பி உள்ள வர புது விசா வேணும். எல்லைப் பலகை கண்ணில் பட்டா ரவுண்டானாவில் திரும்பிடுங்க. சாவடியைப் படம் பிடிக்கவும் கூடாது.

எல்லாரும் அசல் ஐடி, பாஸ்போர்ட் கையில் வச்சிருக்கணும். போனில் இருக்கிற படம் போதும்னு இருந்துடாதீங்க.

கராமா_மாடி
கார் இல்லாதவங்களுக்கும் சொல்லிடறேன். துபாய் மால் பஸ் நிலையத்திலிருந்து ஆர்டிஏவின் (துபாய் போக்குவரத்து ஆணையம்) எச்-02 விரைவு பஸ் ஹத்தா பஸ் நிலையம் வரைக்கும் போகுது. கட்டணம் 25 திர்ஹாம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஊருக்குள்ள எச்-04 சுத்தி வரும்: வாதி ஹப்ங்கிற வெளிப்புற விளையாட்டு இடம், ஹில் பார்க், அணை, பாரம்பரிய கிராமம்னு நின்னு நின்னு போகும். ஏறுற ஒவ்வொரு தடவையும் 2 திர்ஹாம், அரை மணிக்கு ஒரு வண்டி.

இதில் பலர் சிக்குறது ரெண்டு இடத்தில். ஒண்ணு, பஸ் கட்டணம் கட்டற நோல் கார்டில் போக மட்டும் காசு ஏத்திட்டு வருவாங்க. போக வர 50, உள்ளூர் சுத்த ஒரு 10, கைவசம் கொஞ்சம் மிச்சம்னு ஆளுக்கு 70 திர்ஹாமாவது துபாயிலேயே ஏத்திடுங்க. ரெண்டாவது, சாயங்காலக் கடைசி பஸ். சனி ஞாயிறுகளில் அதுதான் நிரம்பி வழியும், உக்காரும் இடத்துக்கு மேல ஆள் ஏத்த மாட்டாங்க. கடைசிக்கு முந்தின வண்டியைக் குறி வச்சுக்கிளம்புங்க. நேர அட்டவணை ரமலானிலும் விடுமுறை நாளிலும் மாறும், முதல் நாள் ராத்திரி ஆர்டிஏ செயலியில் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

கடலோரக்காரன்
வழி தெளிவாச்சு, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு ஸ்வெட்டர், சால்வை எல்லாம் எடுக்கணுமா? மலை ஊர்னதும் எல்லாரும் ஊட்டி மாதிரி குளிரும்னு நினைச்சுட்டு இருக்காங்க.

வெயில்மானி
அந்த எண்ணத்தை முதல்ல மாத்திடுங்க. ஹத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கு. ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் 1,934 மீட்டர், அங்கதான் குளிர் தெரியும். ஹத்தாவில் பகல் வெயில் துபாயோட கிட்டத்தட்ட ஒட்டியே நிக்கும். கடலோரப் புழுக்கம் மட்டும் குறையும். அதனால வேர்வை உடனே காஞ்சுடும், தாகமே தெரியாம உடம்பு வத்திப் போகும். ஹஜர் மலைப் பாறை கருப்பும் கரும்பழுப்புமா இருக்கிறதால வெயிலை உறிஞ்சி வச்சு சாயங்காலம் வரைக்கும் கக்கிட்டே இருக்கும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். பகலில் அரைக்கை சட்டை போதும். விடியற்காலையும் ராத்திரியும் 10, 12 டிகிரி வரைக்கும் இறங்கலாம். காத்து அடிச்சா அம்மாவுக்கு ஒரு சால்வை வேணும், அவ்வளவே. நவம்பரும் மார்ச்சும் காலையில் மட்டும் நல்லா இருக்கும். மே முதல் செப்டம்பர் வரைக்கும் மலை நடைங்கிற பேச்சே வேண்டாம். 40க்கு மேல போகும், வாதி ஹப் மாதிரி வெளிப்புற விளையாட்டு இடங்களும் கோடையில் மூடிடுவாங்க.

டிசம்பரில் சூரியன் அஞ்சரைக்கே மறையும். மலை மறைவில் இருக்கிற இடத்தில் அதுக்கும் முக்கால் மணி முன்னாடியே வெளிச்சம் போயிடும். திட்டம் போடறப்போ நாலரையோட பகல் முடிஞ்சதா வச்சுக்கோங்க.

துடுப்பு
படகு பத்தி. அணையில் மூணு வகை உண்டு. கயாக், மிதிச்சு ஓட்டற பெடல் படகு, சின்ன மோட்டார் வச்ச வட்டமான டோனட் படகு. உங்க குழுவுக்கு டோனட் படகு இல்லேன்னா பெடல் படகு எடுங்க. முழங்கால் வலி இருக்கிறவங்களுக்குப் பெடல் ஒத்து வராது, டோனட்தான் சரி: ஏறி உக்காந்தா போதும், ஒருத்தர் திருப்பிட்டு இருப்பார். ஆறு வயசுப் பையனுக்கு அவன் அளவு உயிர்காப்பு ஜாக்கெட்டையே கேட்டு வாங்குங்க. பெரியவங்க ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினா அது ஜாக்கெட்டே இல்ல. போட்டதும் ரெண்டு தோள்பட்டியையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காதுவரைக்கும் ஏறிச்சுன்னா அளவு பெருசு.

கயாக் ரெட்டை இருக்கை எடுத்தா கனமானவர், கொஞ்சம் பழக்கம் இருக்கிறவர் பின்னாடி. முன்னாடி இருக்கிறவர்தான் தாளம். அவர் துடுப்பு எந்தப் பக்கம் இறங்குதோ பின்னாடி இருக்கிறவரும் அதே பக்கம். இதை மாத்திப் போட்டாத்தான் துடுப்பும் துடுப்பும் மோதும், படகு நின்ன இடத்திலேயே சுத்தும். கையால மட்டும் இழுக்காம இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்க, பத்து நிமிஷத்தில் தோள் விட்டுப் போகாது. மலை இடுக்கில் மத்தியானத்துக்கு மேல காத்து எழும்பும். போகும்போது காத்துக்கு எதிரா போங்க, களைச்சுத் திரும்பறப்போ காத்தே தள்ளிட்டு வரும். தலைகீழா செஞ்சவங்க வாடகை நேரம் தாண்டித்தான் கரை சேருவாங்க.

அணையில் நீந்த அனுமதி இல்ல. படகிலிருந்து கால் விட்டு விளையாடறதையும் காவலர்கள் கண்டிப்பாங்க. வார இறுதியில் காலை பத்துக்கு மேல வரிசை நீளும். முன்பதிவு இருந்தா பண்ணிக்கோங்க, இல்லேன்னா திறக்கிற நேரத்துக்கே நில்லுங்க. வண்டி நிறுத்தற இடத்திலிருந்து அணைக்குப் போற பாதை நல்ல ஏற்றம், அம்மாவை முதல்ல மேல இறக்கி விட்டுட்டு அப்புறம் வண்டியை நிறுத்துங்க.

நீர்மின்
தண்ணி மட்டம் சில நாள் இறங்கியும் சில நாள் ஏறியும் இருக்கேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்த நீர்த்தேக்கத்தைக் கீழ்த் தேக்கமா வச்சு, மலை மேல இன்னொரு தேக்கம் கட்டி, 250 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் அமைச்சிருக்காங்க, துபாய் மின்சார நீர் ஆணையத்தோட திட்டம். வளைகுடா நாடுகளில் இந்த வகையில் முதலாவது. சூரிய மின்சாரம் மலிவா கிடைக்கிற பகலில் கீழ இருந்து மேல தண்ணியை ஏத்தறது, தேவை கூடறப்போ 1.2 கிலோமீட்டர் சுரங்கம் வழியா கீழ விட்டு டர்பைனைச் சுத்தறது. சேமிப்புத் திறன் 1,500 மெகாவாட் மணி. அதாவது முழு வேகத்தில் ஆறு மணி நேரம். ஏத்தற மின்சாரத்தில் 78.9 விழுக்காடு திரும்பக் கிடைக்கும்னு வடிவமைப்புக் கணக்கு. ஆத்துத் தண்ணி ஓடாத நாட்டில் ஒரே தண்ணியை மேலும் கீழும் ஆட்டியே மின்சாரத்தைச் சேமிக்கிறது பெரிய காரியம். படகு ஓட்டறப்போ பையனுக்கு இதைச் சொல்லுங்க. வேலியும் மிதவைக் கயிறும் போட்டிருக்கிற பக்கம் மட்டும் போகாதீங்க.

வெயில்மானி
மழையைப் பத்தி யாரும் பேசல. டிசம்பர் முதல் மார்ச் வரைக்கும்தான் இங்க பெரும்பாலும் மழை. கோடையிலும் ஹஜர் மலை மேல மட்டும் மத்தியானம் திடீர்னு மேகம் திரண்டு கொட்டும், துபாயில் வெயில் காயும்போதே.

இந்த மலை பழைய கடலடித் தரை மேல ஏறி வந்தது. பாறையில் தண்ணி ஊறாது, மேல பிடிச்சு வைக்க மண்ணும் செடியும் கிடையாது. அதனால பெய்யற மழை அப்படியே வழிஞ்சு வாதிக்குள்ள, அதாவது மழை பெஞ்சா மட்டும் ஓடற வறண்ட ஓடைக்குள்ள, வந்து சேரும். நீங்க நிக்கிற இடத்தில் ஒரு சொட்டு விழாமலே பத்து கிலோமீட்டர் மேல பெஞ்ச தண்ணி உங்க காலடியில் வரும். சரளைக்கல் படுகை முதல்ல ஈரமாகும், அப்புறம் கலங்கல் நூல் மாதிரி ஓடும், அடுத்த சில நிமிஷத்தில் இடுப்பளவு. 2024 ஏப்ரல் 16 மழையில் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள்ள 254.8 மில்லிமீட்டர் பதிவாச்சு.

2023இலிருந்து சட்டமும் கடுமையா இருக்கு. மழை நேரத்தில் வாதி, அணை, வெள்ளப் பகுதி பக்கம் கூடி நின்னா 1,000 திர்ஹாம் அபராதம், லைசென்ஸில் 6 கருப்புப் புள்ளி. ஓடற வாதிக்குள்ள வண்டியை இறக்கினா 2,000 திர்ஹாம், 23 புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். தேசிய வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையில் கிழக்கு மலைப் பகுதியின் பேர் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்க. ஹுவைலாத், முனைஈ வழி வாதி அல் கோர் பக்கத்தில் போறது. திரும்பற பாதையே அடைபடலாம்.

கடலோரக்காரன்
இது எனக்குத் தெரியவே தெரியாது. மலை நடைக்கு எங்க போறது? செடானில் மண் ரோட்டில் இறங்கலாமா?

சங்கிலிப்பல்
மண் ரோடு உங்களுக்குத் தேவையே இல்ல. வாதி ஹப், அணை, கோட்டை எல்லாத்துக்கும் தார் ரோடு. சரளைப் பாதையில் செடானை இறக்கினா அடித்தட்டு இடிச்சு ஆயில் சம்ப் விரிசல் விடும், இல்ல டயர் பக்கச்சுவர் கூர்க்கல்லில் கிழியும். பக்கச்சுவர் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.

நடைத்தடமும் சைக்கிள் தடமும் வாதி ஹப்பில் தொடங்குது. பச்சை, நீலம், சிவப்பு, கருப்புனு நிறக் குறி. உங்க குழுவுக்குப் பச்சை மட்டும். சைக்கிள் தடம் மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவங்க நீலம் வரைக்கும் போகலாம். சிவப்பிலிருந்து உதிர்கல்லும் ஒத்தையடி விளிம்பும் வரும். சொந்த சைக்கிள் கொண்டு வர்றவங்க ட்யூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கிற சீலன்ட் ஊத்தி இருக்கான்னு பாருங்க. சமுர் மரத்து முள், நம்ம வேலமுள் மாதிரியே, காஞ்சு பாதை பூரா கிடக்கும். ரெண்டு உபரி ட்யூப் இல்லாம கிளம்பாதீங்க.

நடக்கிறவங்க ஓடற ஷூ போடாம அடி கெட்டியான, பிடிமானமுள்ள ஷூ போடுங்க. ஏறறப்போ ஒண்ணும் தெரியாது. இறங்கறப்போதான் சரளை உருளை மாதிரி உருண்டு கணுக்கால் பிசகும். அரை நாளைக்கு ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் பாட்டிலில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்து வச்சுக்கோங்க. ஓடை இடுக்கில் போன் சிக்னல் போயிடும். தட வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைங்க. ஆம்புலன்சுக்கு 998, போலீசுக்கு 999.

பழையகணக்கு
அம்மாவுக்கு ஏத்த இடம் பாரம்பரிய கிராமம். 2001இல் திறந்தாங்க. பேரீச்சைத் தோப்பு ஓரமா, மலைக்கல்லும் மண்ணும் பேரீச்ச மரத் துண்டும் வச்சுக் கட்டின வீடுகள், ஓலைக் குடிசைகள். கோட்டை 1896இல் கட்டினது, காவல் கோபுரங்கள் ரெண்டும் 1880களைச் சேர்ந்தது. பக்கத்தில் ஜும்மா மசூதி 1780வாக்கில் எழும்பினது, ஊரிலேயே பழசு. கல் பாவின பாதையில் மெதுவா நடந்தா முழங்காலுக்குப் பிரச்சினை இல்ல. மேட்டு மேல இருக்கிற கோபுரத்துக்கு மட்டும் படி ஏறணும், அதை விட்டுடுங்க. சுவர் தடிமனா இருக்கிறதால மத்தியான வெயிலில் அறைக்குள்ள குளிர்ச்சி இருக்கும். தோப்புக்குத் தண்ணி கொண்டு வர்ற ஃபலாஜ் வாய்க்காலைப் பார்க்காம வந்துடாதீங்க. இந்த ஊர் இங்க இருக்கிறதுக்கே காரணம் அதுதான்.

வேலமரம்
தேன் வாங்கறதா இருந்தா ரெண்டு வகை. சித்ர் நம்ம இலந்தை இனம், பூக்கிறது அக்டோபர், நவம்பர் சமயம். டிசம்பரில் வர்றது புதுத் தேன். சமுர் தேன் கறுத்திருக்கும், கோடைத் தொடக்கத்தில் பூக்கிற மரம். அப்போ டிசம்பரில் "இப்பதான் எடுத்த சமுர்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தண்ணியில் சொட்டு விடறது, தீக்குச்சி கொளுத்தறது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. ஆய்வக முத்திரை இருக்கிற பாட்டிலா வாங்குங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போறப்போ தேனும் திரவக் கணக்குதான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க. பெரிய பெட்டிக்குள்ள துணி சுத்தி வைங்க.

கடலோரக்காரன்
எல்லாத்தையும் சேர்த்து இப்படிப் போட்டிருக்கேன். ஏழு மணிக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்கு ஹத்தா. முதல்ல கோட்டை, பதினொண்ணுக்கு அணைப் படகு, ஒண்ணரைக்குச் சாப்பாடு, மூணு மணிக்கு வாதி ஹப்பில் பச்சைத் தடம், அஞ்சரைக்குத் திரும்பறது. சரியா?

துடுப்பு
படகும் கோட்டையும் இடம் மாறணும். பதினொண்ணுக்கு அணையில் வரிசையும் வெயிலும் சேர்ந்து நிக்கும். வந்ததும் படகு. அது முடிஞ்சு பதினொண்ணு வாக்கில் கோட்டைக்குப் போனா நிழலில் உக்காரலாம். சாப்பாட்டை ஒரு மணிக்கு ஊருக்குள்ள கஃப்டேரியாவில் முடிச்சுக்கோங்க.

சங்கிலிப்பல்
பச்சைத் தடத்தை ரெண்டரைக்குத் தொடங்குங்க, நாலு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும். பெட்ரோலை ஹத்தாவிலேயே நிரப்பிடுங்க. வீட்டுக்கு மேப் போடறப்போ மறுபடியும் ஈ-44தான் முதல்ல வரும், ஹுவைலாத் நிறுத்தத்தைத் திரும்பவும் குத்தின பிறகே கிளம்புங்க.